நான்கு குவியல்

விடிந்தும் விடியாத நேரத்திலேயே பிரஸ் மிஷின்கள் தடதடக்கத் தொடங்கிவிட்டன. தகட்டை வை, மிதி, மூடியை எடு. மறுபடி வை, மிதி, எடு. எண்ணெய் நாற்றம் தொண்டையை அடைத்தது. நாற்பத்தெட்டு மிஷின்களில் ஒன்று மட்டும் ஓடவில்லை. முந்தாநாள் அதில்தான் தங்கை மூன்று விரல்களைப் பறிகொடுத்தாள். அக்காவுக்கு அந்தப் பக்கம் திரும்ப மனம் வரவில்லை.

கடைசி வரிசை எட்டு மிஷின்களிலும் கம்பித் தடுப்பைக் கழற்றியிருந்தார்கள். தடுப்பு இருந்தால் வேலை மந்தமாம். தங்கையின் மிஷினும் அந்த வரிசையில்தான்.

முதலாளி வந்து, தேநீர் இடைவேளைக்குப் பிறகு தங்கையின் மிஷினில் அக்காதான் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் வாசல் திறந்திருக்கிறது என்றார். தடுப்பையாவது மாட்டிக் கொடுங்கள் என்று அவள் கெஞ்சிப் பார்த்தாள்.

"இந்த வருஷம் அடிபட்டது எட்டுப் பேர். தடுப்பு இருந்த மிஷின்ல நாலு, இல்லாததுல நாலு. ரெண்டும் சமம். அப்புறம் தடுப்பு என்னத்தக் கிழிக்குது? உன் தங்கச்சிக்குக் கவனம் பத்தல."

கணக்குச் சரியாகத்தானே இருந்தது. அக்காவுக்குத்தான் நெஞ்சு விண்டுபோயிற்று. ஆஸ்பத்திரியில் அவளும் அதையேதான் கேட்டிருந்தாள்: "வாயடிச்சுக்கிட்டே மிதிச்சியாடி?" தங்கை கட்டுப்போட்ட கையை மெல்லப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

இடைவேளையில் அவள் தரையில் மூடிகளை வைத்துப் பார்த்தாள். தடுப்புள்ள பக்கம் அடிபட்டவர்களுக்கு நாலு. தடுப்பில்லாத பக்கம் அடிபட்டவர்களுக்கு நாலு. சமம்தான். கண்ணீர் மூடிகளின் மேல் சொட்டியது.

கட்டைக்குரல் என்று எல்லோரும் கூப்பிடுகிறவள் பக்கத்தில் குந்தினாள். "அடிபட்டவங்கள மட்டும் வச்சா எப்படிடி? கை முழுசா இருக்கிற நாங்கல்லாம் செத்தா போயிட்டோம்?"

தடுப்புள்ள பக்கத்து நாலு மூடிக்குக் கீழே தன் மூடியை வைத்தாள். அக்காவும் தன்னுடையதை அங்கேயே வைத்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக வந்து வைக்க, அந்தக் குவியல் முப்பத்தாறாயிற்று. தடுப்பில்லாத பக்கம், கை முழுசாக இருந்தவர்கள் நாலே பேர்.

அக்கா நான்கு குவியலையும் விரலால் தொட்டு எண்ணினாள்.

"அந்தப் பக்கம் நாப்பது பேர்ல நாலு. பத்துல ஒருத்தி. இந்தப் பக்கம் எட்டுப் பேர்ல நாலு." அவள் தங்கைக்கென்று வைத்த மூடியைத் தொட்டாள். "ரெண்டுல ஒருத்திடி. எவ உட்கார்ந்தாலும் பாதிக்குப் பாதி. அவளப் போய்க் கேட்டேனே."

முதலாளி திரும்பி வந்தார். "என்ன, உட்காரலையா?"

"அந்த நாலு நாப்பதுல, முதலாளி. இந்த நாலு எட்டுல. தடுப்பை மாட்டுங்க, உட்காருறேன்."

வாசலைக் காட்டி அவர் கத்தினார். கடைசி வரிசையில் ஏழு பேரும் மிஷினைத் தொடவில்லை. அது அவரே எதிர்பார்த்ததுதான். தடுப்புக்குப் பின்னால் பத்திரமாக வேலை செய்கிறவர்களும் வந்து குவியல்களைச் சுற்றித் தரையில் உட்கார்ந்தபோதுதான் அவர் வாய் மூடியது.

நாளைக்கு வேலை இருக்குமா என்று யாருக்கும் தெரியாது. அக்கா, அடிபட்ட நாலில் தங்கையின் மூடியை மட்டும் எடுத்து மடியில் முடிந்துகொண்டாள். சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கட்டைக்குரல் நகர்ந்து அவள் தோளை ஒட்டி உட்கார்ந்தாள்.

"தனியாப் போகாதே," என்றாள். "எல்லாரும் வந்து சொல்றோம் அவகிட்ட."