கதிர்ப் பாத்திரத்தில் இல்லாதவர்

கிறிஸ்துமஸுக்கு முந்தின மூன்று நாளும் அந்தக் கோயிலில் பகல் முழுக்க ஆராதனை நடக்கும். ஆண்டவரின் உடலென்று வணங்கும் நற்கருணை அப்பத்தைக் கதிர்ப் பாத்திரத்தில் வைத்துப் பீடத்தின் மேல் நிறுத்திவிடுவார்கள். பொன்முலாம் பூசிய கதிர்களுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கண்ணாடிக்குள் வெள்ளை அப்பம். அதன் முன்னால் எந்நேரமும் ஒரு ஆளாவது முழந்தாளில் இருக்க வேண்டும். ஆண்டவரைத் தனியாக விட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது என்பது முறை. யார் யாருக்கு எந்த மணி என்று கணக்கு டீச்சர் ஒரு தாளில் கோடு போட்டு எழுதிக் கதவில் ஒட்டியிருந்தாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஒன்பது வருடமாகியும் அவள் கையிலிருந்த ஸ்கேல் இன்னும் இறங்கவில்லை.

மூன்றாம் நாள், மூன்று மணியிலிருந்து நான்கு மணி வரை அப்பக்காவின் முறை.

அப்பக்கா என்பது பேரில்லை, தொழில். கோயிலுக்கு வேண்டிய அப்பங்களை இருபத்திரண்டு வருடமாக அவள்தான் வார்த்துக் கொடுக்கிறாள். கோதுமை மாவும் தண்ணீரும்; உப்புகூடக் கிடையாது. இரட்டைத் தகட்டு இரும்பில் ஒரு கரண்டி ஊற்றி அழுத்தினால் காகிதம் போல ஒரு தாள் வரும். அதை ஈரத்துணியில் பொதிந்து வைத்து, பதம் வந்த பிறகு வட்டமாக வெட்ட வேண்டும். சின்னது மக்களுக்கு, பெரியது சாமியாருக்கும் கதிர்ப் பாத்திரத்துக்கும்.

"ஆண்டவர் நமக்கு உடம்பு குடுத்தார். ஆண்டவருக்கு உடம்பு குடுக்கிறது நம்ம அப்பக்கா" என்று டீச்சர் கேலி செய்வாள். அப்பக்கா சிரிக்க மாட்டாள். அந்தப் பேச்சு அவளுக்கு ஆகாது. பூசையில் குரு கையில் எடுத்து அந்த வார்த்தைகளைச் சொல்லும்வரை மாவு மாவுதான். சொன்ன பிறகு அது ஆண்டவர். அதன் பிறகு, வார்த்த அவள் விரலே அதன் மேல் படக் கூடாது.

அன்று அவள் ஒரே ஒரு விண்ணப்பத்தோடு வந்திருந்தாள். தம்பி பெண்டாட்டி படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வயிற்றில் கட்டி. "பண்டிகை தாண்டறது கஷ்டம், வீட்டுலயே வச்சுப் பாத்துக்குங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். பத்து நாளாக அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான், ஒருமுறை நற்கருணை அப்பத்தை உட்கொள்ள வேண்டும்: "அண்ணி, எனக்கு நன்மை வாங்கணும். ஃபாதரை வரச் சொல்லுங்க." தம்பி அந்தக் கோயிலிலேயே வேலை செய்கிறவன். விளக்கு, திரி, மணி, சாவிக்கொத்து எல்லாம் அவன் பொறுப்பு. ஃபாதரோடு நாளெல்லாம் நிற்கிறவன். ஆனால் கேட்கும்போதெல்லாம், "ஃபாதருக்கு நேரமில்ல, பண்டிகை முடியட்டும்" என்பான். சாமியார் நற்கருணையோடு வீட்டுக்குள் வந்தால் அடுத்து வருவது சவப்பெட்டிதான் என்று அவன் மனதில் ஆணி அடித்தது போல் இருந்தது. நேரில் போய் ஃபாதரிடம் சொல்லிவிடலாமா, தம்பி மனம் உடைந்துபோவானா என்று அப்பக்கா பத்து நாளாக இரண்டு பக்கமும் இழுபட்டுக்கொண்டிருந்தாள். சொல்லத் தைரியம் கொடு, அவள் வாங்காமல் போய்விடக் கூடாது. இவ்வளவுதான் விண்ணப்பம்.

முதல் கால் மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்ல, கிணற்றில் நீர் ஊறுவது போல, ஒரு நெருக்கம் வந்தது. யாரோ அருகில் வந்து உட்கார்ந்து, பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பது போல. வருடக்கணக்காக அப்படி வந்ததில்லை. அவள் கண்ணைத் திறந்து அப்பத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

பீடத்துக்குப் பின்னால் எரிந்த விளக்கின் ஒளி அப்பத்தின் வழியாகக் கசிந்தது. அப்பத்தில் பதிந்த சிலுவையின் இடது கைக்குக் கீழே சாய்வாக ஒரு மெல்லிய கோடு. மயிரிழை.

அது அவளுக்குத் தெரிந்த கோடு.

நேற்றுக் காலையில் இரும்பு கைதவறிக் கீழே விழுந்துவிட்டது. பெரிய அப்பம் வார்க்கும் தகட்டில் மயிரிழை அளவுக்கு ஒரு மேடு. அந்த இடத்தில் மாவு மெலிந்து கோடு விழுகிறது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது. அவளுக்கு மட்டும் பல்லில் மாட்டிய நார் மாதிரி உறுத்தியது. நேரமில்லாமல் அப்படியே வெட்டி, நேற்று மாலைப் பூசை முடிந்த பிறகு கொண்டுபோய்த் தம்பி கையில் கொடுத்தாள். இன்று காலையில் பூசை இல்லை. ஃபாதர் விடியற்காலையிலேயே பாத்திரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரிகளுக்குக் கிளம்பிவிட்டார். இனி ராத்திரிப் பூசைதான்.

கோடு விழுந்த அப்பம் வந்த பிறகு பூசையே நடக்கவில்லை. அப்படியானால் அங்கே இருப்பது மாவு. காலையிலிருந்து ஊரே மண்டியிட்டு மாவைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறது.

அப்படியானால் இத்தனை நேரம் தன் அருகில் வந்து உட்கார்ந்தது யார்? அந்தக் கேள்வியை அவள் தொடக்கூட பயந்தாள். அதற்கடுத்த கேள்வி அதைவிடக் குளிர்ந்திருந்தது. நேற்று வரை கண்ணாடிக்குள் இருந்தவர் எங்கே?

ராத்திரி அவரைப் பூட்டி வைக்கும் பேழையின் சாவி தம்பி ஒருவனிடம்தான் இருக்கிறது. ஃபாதருக்கு முதுமையில் கண் மங்கல், கை நடுக்கம். கண்ணாடிக்குள் அப்பத்தைப் பொருத்தித் தருவதும் அவன்தான்.

அவள் எழுந்தாள். முழந்தாள் சுளீரென்றது. வாசலுக்கு வந்தபோது டீச்சர் குறுக்கே நின்றாள்.

"எங்க கிளம்பிட்ட? மணி மூணு முப்பத்தஞ்சு."

"வீட்டுல அவசரம் டீச்சர்."

"உள்ள வேற யாரும் இல்லையே! ஆண்டவரைத் தனியா விட்டுட்டா போற? அப்பம் சுடுறவளுக்கே இந்த அலட்சியமா?"

உள்ளே யாரும் இல்லை டீச்சர், நிஜமாகவே யாரும் இல்லை. வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கினாள்.

"ஃபாதர் எப்ப வருவார்?"

"அஞ்சரைக்கு. ஆறு மணிக்கு ஆசீர்வாதம். பாத்திரத்தைத் தூக்கி எல்லாருக்கும் சிலுவை போடணும்ல? நீ போ, நான் உக்காருறேன். என் முட்டிக்கு நீதான் பொறுப்பு."

டீச்சர் உள்ளே போய், முனகிக்கொண்டே இரண்டு முழங்காலும் தரையில் பட மண்டியிடுவதை அப்பக்கா பார்த்தாள். அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு பணிவாக மடங்கியது. பார்க்கச் சகிக்காமல் தெருவில் இறங்கினாள்.

தெருவில் கடைக்குக் கடை நட்சத்திர விளக்கு. யாரோ அவளைப் பார்த்து வாழ்த்துச் சொன்னார்கள். என்ன பதில் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை. சந்து திரும்பினால் தம்பி வீடு. கதவு சாத்தியிருந்தது. தட்டினாள். வெகுநேரம் சத்தமில்லை. பிறகு தாழ்ப்பாள் விலகி, ஒரு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து, அவள் நுழைந்ததும் மறுபடி மூடிக்கொண்டது.

உள்ளே பகல் இல்லை. ஜன்னல் இடுக்குகளில் பேப்பரைத் திணித்து டேப் ஒட்டியிருந்தான். கதவின் அடியில் சுருட்டிய போர்வை. கதவுக்கு நேரே ஒரு நாற்காலி. காவல்காரன் போல அதில் போய் உட்கார்ந்தான். கன்னம் ஒட்டி, தாடி முளைத்து, ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது.

"உனக்கு மூணு மணி முறையாச்சே அக்கா."

"பாதியில எழுந்து வந்துட்டேன்."

"அவரைத் தனியா விட்டுட்டா?"

அவள் அவனையே பார்த்தாள். அவன் தலை குனிந்தது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"என் கையால வார்த்தது எனக்குத் தெரியாதா? எங்கடா வச்சிருக்க?"

அவன் உள்ளறையைக் கண்ணால் காட்டினான். "பத்திரமாத்தான் வச்சிருக்கேன். பீடத்துத் துணியில சுத்தி, மரப்பெட்டியில. முன்னால மெழுகுவத்திகூட ஏத்தி வச்சிருக்கேன். நான் ஒண்ணும் திருடன் இல்லக்கா."

"பின்ன?"

"அவர் வீட்டுக்குள்ள இருக்கிற வரைக்கும் அது உள்ள வராது."

எது என்று அவள் கேட்கவில்லை. அந்த வார்த்தையை அவனும் சொல்லவில்லை.

"உனக்குப் பைத்தியமாடா? அங்க ஊரே மாவைக் கும்பிடுது. ஆறு மணிக்கு ஃபாதர் அதைத் தூக்கி ஆசீர்வாதம் குடுக்கப் போறார்."

"ஊருக்கு என்னக்கா? எல்லாரும் எழுந்து நடமாடுறவங்கதானே? ரெண்டு நாளைக்கு எங்க வீட்டுல இருந்துட்டுப் போகட்டுமே."

"அவ கேக்கிறது உன் காவல் இல்லடா. நன்மை வாங்கணும்னு கேக்கிறா."

அவன் சட்டென்று நிமிர்ந்தான். "வாங்கினா? வாயில கரைஞ்சிடும். அப்பத்தோட உருவம் கரையிற வரைக்கும்தான் அவர் இருப்பார்னு நாம சின்ன வயசுல படிக்கலையா? கால் மணி நேரம். அதுக்கப்புறம் யாருக்கா இருப்பா இந்த வீட்டுல?"

அவன் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணியா?"

அப்பக்கா போய்க் கட்டிலருகே உட்கார்ந்தாள். போர்வைக்குள் உடம்பே இல்லாதது போலிருந்தது; முகம் மட்டும்தான். தலைமாட்டு அலமாரியில் மரப்பெட்டி, முன்னால் மெழுகுவத்தி, பக்கத்தில் குளுக்கோஸ் தண்ணீர் டம்ளர்.

"அண்ணி, நேத்து ராத்திரியிலேருந்து இந்த ரூம்ல யாரோ இருக்காங்க."

"யாருமில்லம்மா."

"இருக்காங்க. என்னையே பாக்கிறாங்க. கிட்ட வர மாட்டேங்கிறாங்க. யாரோ புடிச்சு வச்சிருக்கிற மாதிரி." மூச்சு ஒரு படி ஏறி, நின்று, இறங்கியது. "எனக்கு பயமா இல்ல. பாவமா இருக்கு."

அப்பக்கா அலமாரியை நிமிர்ந்து பார்த்தாள். பெட்டியின் மூடியிலிருந்து சுவரோடு ஒரு கறுப்பு நூல் கூரை மூலை வரை போயிற்று. முன்பு அங்கே இல்லாத நூல். மெழுகுவத்தி வெளிச்சம் ஆடியபோது நூலும் ஊர்ந்தது.

எறும்பு.

அவள் எழுந்து கிட்டப் போனாள். போகிற வரிசையில் ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு வெள்ளைத் துகள். ஊசிமுனை அளவு. சுவர் மூலையில் ஒரு வெடிப்பு; அதற்குள் ஒவ்வொன்றாக நுழைந்து மறைந்தன.

"தம்பி." குரல் அவளுடையது போலில்லை. "இங்க வா."

அவன் வந்தான். பார்த்தான். கதவுக்கும் ஜன்னலுக்கும் காவல் இருந்த கண்கள் அந்த வெடிப்பில் போய் நின்றன. பெட்டியைத் திறந்தது அவன்தான். துணியை விலக்கினான். அப்பத்தின் ஒரு ஓரம் பிறை போலத் தின்னப்பட்டிருந்தது. மிச்சத்தின் மேல் அவை அவசரமில்லாமல், சத்தமில்லாமல், தங்கள் வீடு போல வேலை செய்துகொண்டிருந்தன.



"நான் பூட்டி வச்சேன்னு நெனச்சேன்" என்றான் அவன். "அவர் எப்பவோ கிளம்பிட்டார் அக்கா."

சுவரில் போகிற துகள்களை என்ன செய்வது என்று அப்பக்காவுக்குத் தெரியவில்லை. ஊதக் கூடாது, துடைக்கக் கூடாது, மிதிக்கக் கூடாது. ஒவ்வொரு துகளிலும் அவர் முழுசாக இருக்கிறார் என்றுதான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஃபாதர் வர இன்னும் ஒன்றேகால் மணி நேரம். கட்டிலில் மூச்சு மறுபடி நின்று, இந்த முறை ஏறத் தாமதித்தது.

"அவளுக்கு அவ்வளவு நேரம் இல்லடா" என்றாள். "நீ குடு."

"நானா? நான் செஞ்ச பாவத்துக்கு என் கையாலயா?"

"எடுத்த கைதானே. குடுக்கட்டும்."

அப்பக்கா குனிந்து, விரல் அப்பத்தில் படாமல், எறும்புகளை ஒவ்வொன்றாகத் துணியின் ஓரத்துக்கு ஒதுக்கினாள். அவன் நகக்கண் அளவு ஒரு துண்டை உடைத்தான். உடைந்த சத்தம் அறை முழுக்கக் கேட்டது. ஸ்பூன் தண்ணீரில் நனைத்துக் கட்டிலருகே மண்டியிட்டான்.

"இந்தாம்மா. கிறிஸ்துவின் உடல்."

அவள் கண் திறந்து, புருஷன் முகத்தைப் பார்த்து, கிட்டத்தட்டச் சிரித்தாள். "ஆமென்னு சொல்ல இவ்வளவு நாள் காக்க வச்சிட்டீங்களே" என்று முனகிவிட்டு, "ஆமென்" என்றாள். வாய் மூடியது. தொண்டை ஒருமுறை அசைந்தது.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். நான்கு இருபது. யாரும் ஜெபம்கூடச் சொல்லவில்லை. அப்பக்கா மண்டியிட்டிருந்தாள், கட்டிலை நோக்கி. கோயிலில் வந்த அதே நெருக்கம் வருமா என்று காத்திருந்தாள். வரவில்லை. அறை வெறுமனே நிறைந்திருந்தது, அவ்வளவுதான். நான்கு முப்பத்தைந்து ஆனபோது தம்பியின் தோள் ஒருமுறை குலுங்கி அடங்கியது.

அவன் எழுந்தான். மீதி அப்பத்தைத் துணியில் மடித்து இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டான்.

"ஃபாதர்கிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?" என்று கேட்டாள் அப்பக்கா.

"நானே சொல்றேன். ஆறு மணிக்கு முன்னாடி சொல்லிடணும். சாவியையும் குடுத்திடுறேன்."

கதவின் அடியிலிருந்த போர்வையைக் காலால் தள்ளினான். கை இரண்டும் நிறைந்திருந்ததால் தாழ்ப்பாளை முழங்கையால் விலக்கிக்கொண்டு வெளியே போனான். மூட அவனுக்குக் கையில்லை. மாலை வெளிச்சமும் குளிர்ந்த காற்றும் உள்ளறை வரை வந்தன. மெழுகுவத்தி அணைந்தது. யாரோ மெதுவாகச் சந்தில் நடந்து வரும் காலடி கேட்டது; வீட்டைத் தாண்டிப் போனதா, நின்றதா, தெரியவில்லை.

"அண்ணி, கதவு திறந்திருக்கா?"

"திறந்துதான் இருக்கும்மா. மூடட்டுமா?"

அவள் வெகுநேரம் பதில் சொல்லவில்லை. அப்பக்கா குனிந்து மூச்சைக் கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் அவள். "இருக்கட்டும்."