சத்தம் நீக்கப்பட்ட பதினோரு விநாடி

வெளிப்படைத்தன்மைப் பிரிவு, காவல் நிலையத்தின் பின்பக்கம் ஜன்னலே இல்லாத ஓர் அறையில் இயங்கியது. அங்கிருந்த ஒரே எழுத்தருக்கு நிலையத்தில் வைத்த பெயர் மூடுபனி. போலீஸ்காரர்களின் சட்டைக் கேமரா பதிவுகளில் முகங்களை மங்கலாக்குவதும், வீடு, உறவு பற்றிப் பேச்சு வந்தால் சத்தத்தை நீக்குவதும் அவர் வேலை. எட்டு வருஷத்தில் ஒரு முகமும் அவரிடம் தப்பியதில்லை. போன மாதம் சுவரில் தொங்கிய அமைச்சர் படத்தையும் மங்கலாக்கிவிட்டார். பாராட்டுக் கடிதம் வந்தது.

அன்று காலை பஸ் கண்டக்டர் ஒருத்தி சீருடையோடு வந்து உட்கார்ந்தாள். மூன்று வாரம் முன்பு தெருவில் போலீஸ் சுட்டுக் கொன்றது அவள் தம்பியை. "பைக்குள் கைவிட்டு மிரட்டினார், தற்காப்புக்காகச் சுட்டோம்" என்றது அறிக்கை. பதிவைக் குடும்பத்துக்குக் காட்ட வேண்டும் என்பது புது விதி. இன்ஸ்பெக்டரும் பக்கத்தில் இருந்தார்.

திரையில் முகமில்லாத ஒருவன் ஒரு கையை உயர்த்தினான், மறு கையைப் பைக்குள் விட்டான். பதினோரு விநாடி சத்தமில்லை. பிறகு விழுந்தான்.

"அவன் முகத்தை ஏன் சார் மறைச்சீங்க?"

"அவரோட அந்தரங்கத்தைப் பாதுகாக்கத்தாம்மா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"இந்த அக்கறையைக் கொஞ்சம் முன்னாடி காட்டியிருக்கலாம்."

இன்ஸ்பெக்டர் தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார்.

"என்ன சொன்னான் அவன்? நிஜமாவே மிரட்டினானா? டிக்கெட் வாங்கறவங்ககூட என் முகத்தைப் பார்க்க மாட்டேங்கறாங்க. அவன் என்ன சொன்னான்னு தெரிஞ்சா போதும் எனக்கு."

"அந்த இடத்துல ஆடியோ பதிவாகலம்மா."

மூடுபனி திரையிலிருந்து திரும்பினார். துப்பாக்கிச்சூடு விசாரணைக்கும் தான் சத்தம் நீக்கிய நகலே போயிருக்கிறது என்று நேற்றுத்தான் அவருக்குத் தெரிந்தது.

"பதிவாச்சு," என்றார். "நான்தான் நீக்கினேன். வீட்டு விவரம் இருந்துச்சு."

"யோவ்," என்றார் இன்ஸ்பெக்டர்.

"'வீட்டுச் சாவிதான் சார். எங்கக்கா வேலை முடிஞ்சு வந்து வாசல்லயே நிக்கும். குடுத்துட்டு வந்துடறேன் சார்.' அவ்வளவுதாம்மா சொன்னாரு."



"நின்னேன்," என்றாள். "முக்கால் மணி நேரம். வரட்டும், இன்னைக்கு இருக்கு அவனுக்குன்னு திட்டிக்கிட்டே நின்னேன்."

மேலிடத்தில் பேசிவிட்டு வருவதாகச் சொல்லி இன்ஸ்பெக்டர் எழுந்து போனார். மூடுபனி அசல் பதிவை விசாரணை அதிகாரிக்கு அனுப்பினார். தன் தவறையும் இரண்டு வரியில் எழுதிக் கையெழுத்திட்டு அதோடு சேர்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"ஒரு தடவை கேக்கறேன் சார். முகத்தோட."

ஓட விட்டார். இருபத்திரண்டு வயது முகம், வியர்த்திருந்தது. சாவி என்றது, அக்கா என்றது, சார் என்றது.

"நிறுத்துங்க," என்றாள். நிறுத்தினார். திரையில் தம்பி பைக்குள் கைவிட்டபடி நின்றான்.

"இதுக்கு மேல வேணாம் சார். இப்படியே கொஞ்ச நேரம் நிக்கட்டும்."