மூன்றரை மணிச் சங்கு வரை

காந்திபுரத்தில் கார் ஸ்டீரியோ மாட்டும் கடைகள் ஏழெட்டு இருந்தன. எல்லாக் கடையிலும் கைவிரித்த சாமான் கடைசியில் வந்து சேருவது சென்னகேசவன் கடைக்குத்தான். அங்கேயும் சென்னகேசவன் ஒன்றும் கிழிப்பதில்லை. பின்னால் மேஜையில் சால்டரிங் அயர்னோடு உட்கார்ந்திருக்கும் கிருபாதான் எல்லாம் பார்ப்பாள். பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா வாங்கியவள்.

1999 ஏப்ரலில் ஒரு நாள், பகல் ஒரு மணிக்குக் கடை வாசலில் கறுப்பு கான்டெஸா ஒன்று வந்து நின்றது. கிருபா சால்டரிங் அயர்னைக் கீழே வைத்தாள். அந்தக் காரின் நம்பர் அவளுக்கு மனப்பாடம். அவளுடைய அப்பா அங்கப்பன் பதினெட்டு வருஷம் துடைத்து, கழுவி, ஓட்டிய கார் அது.

பின் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார் திருமலைசாமி. பீளமேட்டில் ஒரு நூல் மில்லுக்கு முதலாளி. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, முகத்தில் எரிச்சல். அவருக்குக் கிருபாவைத் தெரியவில்லை. டிரைவருக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்பதெல்லாம் அவர் தெரிந்து வைத்துக்கொள்ளும் சங்கதிகளில் சேராது.

"ஏம்புள்ள, இதெல்லாம் நீதான் பாக்கறதா? என்ற பையன் அமெரிக்காவுல இருந்து குடுத்துட்ட சாமான். கார்ல வெச்சா மெசினே வழி சொல்லும்னான். பத்து நாளா வெறும் கோடு கோடா காட்டுது."

"பாக்கறேனுங்க சார்."

"இது சரியாயிருச்சுன்னா எவன் ஓட்டுனாலும் ஒண்ணுதான். வழி தெரியாத களுதைங்களைக் கட்டி அளவேண்டாம் பாரு."

அவர் எந்தக் கழுதையைச் சொல்கிறார் என்று கிருபாவுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் முதலாளியின் மகன் சாய்குமாருக்கு நிச்சயதார்த்தம். பெண் வீடு ஈரோட்டில். நல்ல நேரம் முடிவதற்குள் போய்ச் சேர வேண்டும். பெருந்துறை தாண்டியதும், "குறுக்கால போடா, எனக்குத் தெரியும்" என்றவர் திருமலைசாமி. "அந்தப் பக்கம் வாய்க்கால் பாலம் ஒடைஞ்சு கெடக்குதுங்க மொதலாளி" என்றவர் அங்கப்பன். முதலாளி சொன்ன வழியில்தான் கார் போனது. பாலம் உடைந்துதான் கிடந்தது. சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது நல்ல நேரம் முடிந்து ராகு காலம் பிறந்திருந்தது. சம்பந்தி வீட்டார் முன்னால் திருமலைசாமி கூசாமல் சொன்னார்: "டிரைவர் வழியை உட்டுட்டான்."

அதோடு விட்டாரா? மறுநாள் பன்னிரண்டு மணிக்கு மில் கேட்டுக்கு முன்னால், சிமென்டுத் தரையில், செருப்பையும் டிரைவர் தொப்பியையும் கழற்றச் சொல்லி அங்கப்பனை நிற்க வைத்தார். ஷிப்டு முடிந்து மூன்றரை மணிச் சங்கு ஊதி, ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு போகும்வரை நிற்க வேண்டும் என்று உத்தரவு. அதுவும் ஏப்ரல் மாதம்தான். சாயங்காலம் அவர் குதிகாலால் நடந்து வீட்டுக்கு வந்தார். உள்ளங்கால் இரண்டும் கொப்புளம். வேலையும் போய்விட்டது. கிருபா ஆத்திரத்தில் குதித்தாள். "போவுது உடு கண்ணு" என்று மட்டும் சொன்னார். அன்றிலிருந்து அவர் அந்த மில் ரோட்டில் போவதில்லை. ரெண்டு மைல் சுற்றிக்கொண்டு சைக்கிளில் போய் ஒரு பேக்கரியில் வேன் ஓட்டுகிறார்.

அப்பா விட்டுவிட்டார். கிருபா விடவில்லை. ஒவ்வொரு முறை அந்தக் கால்களைப் பார்க்கும்போதும் அவள் பல்லைக் கடித்தாள்.

இப்போது காருக்குள் தலையை நீட்டினாள். கோளாறு என்னவென்று அரை நிமிஷத்தில் தெரிந்துவிட்டது.

மெஷின் டேஷ்போர்டில் ஒழுங்காகத்தான் இருந்தது. அதற்கு ஆகாயத்திலிருந்து சிக்னல் வாங்கிக் கொடுக்கும் ஆன்டெனா தனி. தீப்பெட்டி அளவு, கறுப்பு, நீளமான வயர். அந்த ஆன்டெனா இருந்த இடம்தான் விசேஷம். டேஷ்போர்டு நடுவில் நாலு தூணும் கோபுரமுமாக ஒரு வெள்ளி மண்டபம்; உள்ளே பெருமாள்; பெருமாள் காலடியில், சந்தனமும் குங்குமமும் வைத்து, ஆன்டெனா.

"இதை இங்க யாருங்க வெச்சது?"

"ஊட்ல ராமாமணிதான். மேலருந்து வர்றதை வாங்கற சாமான், பெருமாள் பாதத்துல இருக்கட்டும்னா. அதுக்கென்ன?"

அதுக்கென்னவா! மேலே வெள்ளிக் கூரை, சுற்றிலும் வெள்ளித் தூண். சாட்டிலைட் என்னதான் அனுப்பினாலும் உள்ளே எதுவும் இறங்காது. ஆன்டெனாவை எடுத்து அரை அடி தள்ளிக் கண்ணாடி ஓரத்தில் வைத்தால் தீர்ந்தது. சமுத்திரம் தாண்டி வந்த மெஷின் என்பதால், இப்போது எந்த ஊரில் இருக்கிறோம் என்று அதற்கே புரிய முதல் தடவை ஒரு கால் மணி நேரம் ஆகும். வெட்டவெளியில் காரை நிறுத்திவிட்டு டீ குடித்து வரலாம்.

இதை அப்படியே சொல்லத்தான் கிருபா வாயைத் திறந்தாள். வழி தெரியாத கழுதை என்ற சொல் காதுக்குள்ளேயே நின்றது. வாயை மூடிக்கொண்டாள்.

"சார், இங்க சுத்தியும் லாட்ஜு. வானம் தெரியறதில்லீங்க. மரம் கட்டடம் இல்லாத வெட்டவெளி வேணும். உங்க மில்லு கேட்டுக்கு முன்னாடி எடம் இருக்குமுங்களா?"

"மைதானமாட்டக் கெடக்குது."

"அப்ப அங்கயே பாத்துக்கலாமுங்க."

கிளம்புமுன் சென்னகேசவனின் போனிலிருந்து பேக்கரிக்குப் பேசினாள். "அப்பாகிட்டச் சொல்லிப்போடுங்க. மூணு மணிக்கு மில் கேட்டுக்கு எதுத்த டீக்கடைக்கு வரோணும். சுத்திக்கிட்டு இல்ல, நேர் வழியில."

மில் கேட்டை அடைந்தபோது ரெண்டே கால். சிமென்டுத் தரை வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. கிருபா காரை நடுவில் நிறுத்தச் சொன்னாள்.

"முதல்ல மண்டபத்தை எடுக்கோணுமுங்க. அது சிக்னலை மறைக்குது. நான் தொடலாங்களா?"

திருமலைசாமி பதறிப்போனார். அவள் தொடுவதா? டிரைவரையே தொட விடாதவர். செருப்பைக் காருக்குள் கழற்றிவிட்டு, பெருமாளை மண்டபத்தோடு தானே தூக்கி, பின் சீட்டில் துண்டு விரித்து வைத்தார். கும்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினார். வெறுங்காலோடு. கிருபா இதை எதிர்பார்க்கவில்லை. பெருமாளே தன் கட்சி என்று அவளுக்குத் தோன்றியது.

"சார், ஒடனே இதைப் புடிங்க. தலைக்கு மேல தூக்கிப் புடிக்கோணும். டிரைவர் அண்ணன் வேணா புடிக்கட்டுங்களா? கீழ உளுந்தா அமெரிக்காவுல இருந்துதான் மறுபடி வரோணும்."

"அவன் கையில குடுக்கறதா? கொண்டா இங்க."

வயர் நீளமாக வந்தது. திருமலைசாமி இரண்டு கையாலும் ஆன்டெனாவைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு நின்றார். அதன் அடியில் காந்தம் இருக்கிறது, கார் கூரை மேல் வைத்தால் தானே ஒட்டிக்கொண்டு நிற்கும் என்பதை அவருக்குச் சொல்ல யாருமில்லை. தெரிந்த ஒருத்தி மெஷினை மடியில் வைத்துக்கொண்டு முன் சீட்டில், நிழலில் உட்கார்ந்திருந்தாள்.

"அசையக்கூடாதுங்க சார். அசைஞ்சா மொதல்ல இருந்து ஆரம்பிக்கும்."

புது டிரைவர் குடையை விரித்துக்கொண்டு ஓடிவந்தான். "குடைக் கம்பி மறைக்குமுங்க" என்றாள். திருமலைசாமியே அவனை முறைத்துத் துரத்தினார்.

ஐந்து நிமிஷத்தில் அவர் காலை மாற்றி மாற்றி ஊன்ற ஆரம்பித்தார். வாட்ச்மேன் கூண்டை விட்டு வெளியே வந்து பார்த்தான். ஆபீஸ் ஜன்னலில் நாலு தலை தெரிந்தது. கிருபாவுக்கு உடம்பெல்லாம் குளுகுளுவென்றிருந்தது. இரண்டு வருஷமாக மனதில் எத்தனையோ தடவை நடத்திப் பார்த்த காட்சிதான். நேரில் இன்னும் நன்றாக இருந்தது.

ரெண்டு முப்பத்தைந்துக்குத் திரையில் கோடுகள் ஒவ்வொன்றாக நிறைந்தன. மூன்று, நாலு, ஐந்து சாட்டிலைட். மெஷினுக்கு இடம் தெரிந்துவிட்டது.

"கெடைச்சுதா?" என்று கத்தினார்.

"ரெண்டுதானுங்க வந்திருக்குது. நாலு வேணுமுங்க."

மூன்று மணிக்கு எதிர்த்த டீக்கடையில் அங்கப்பனின் சைக்கிள் வந்து நின்றது. அப்போது திருமலைசாமியின் முழங்கை இரண்டும் மடங்கத் தொடங்கியிருந்தன. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. அறுபது வயது. வாயைத் திறந்து மூச்சு வாங்கினார். கிருபாவுக்கு முதல் தடவையாக உள்ளே ஏதோ இளகியது. மனுஷன் இங்கேயே விழுந்து தொலைந்தால்? மெஷினை சீட்டில் வைத்துவிட்டு ரோட்டைத் தாண்டி ஓடினாள்.

அங்கப்பன் சைக்கிளைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"மெசினு அப்பவே சரியாயிருச்சுங்கப்பா. நான்தான் நிக்க வெச்சிருக்கறேன். போதுங்களா? எறக்கச் சொல்லிப்போடட்டுமா?"

அவள் எதிர்பார்த்தது அந்தப் பழைய பதிலைத்தான். போவுது உடு கண்ணு. அதைக் கேட்டால் திட்டிவிட்டுப் போய் ஆன்டெனாவை வாங்கிவிடலாம் என்று நின்றாள்.

"செருப்பு எங்க?" என்றார் அங்கப்பன்.

"கார்ல கெடக்குதுங்க."

அவர் டீக்கடைக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐந்து.

"நான் பன்னெண்டுல இருந்து நின்னேன் சாமி. சங்கு ஊதட்டும்" என்றார். பிறகு கடைக்காரரிடம், "ஒரு டீ போடுங்க. சக்கரை தூக்கலா" என்றார்.

கிருபா அப்பாவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தாள். இத்தனை நாளும் இவர் விட்டுவிட்டார் என்று நினைத்தோமே! திரும்பிப் போய் மெஷினை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். இளகியதெல்லாம் போன இடம் தெரியவில்லை.

"இன்னொண்ணே ஒண்ணுதானுங்க சார். கையை மட்டும் எறக்கிப்போடாதீங்க."

அந்த நேரத்தில் அவளுக்கு ஒரு வேலை மிச்சமிருந்தது. பிடித்த இடத்தை மெஷினில் பதிந்து வைத்தால், காரின் சொந்த இடம் அதுதான் என்று வைத்துக்கொள்ளும். எங்கே போனாலும் திரும்பிவர அம்பு போட்டு, அந்த இடத்தின் பேரையும் காட்டும். என்ன பேர் என்று மெஷின் கேட்டது. பத்து எழுத்து வரை போடலாம். அவள் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி இங்கிலீஷில் அடித்தாள். எட்டே எழுத்தில் முடிந்தது.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. கேட் திறந்து முன்னூறு பேர் வெளியே வந்தார்கள். வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நடு வெயிலில், வெறுங்காலோடு, இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு முதலாளி. யாரும் சிரிக்கவில்லை; சிரித்தால் வேலை போகும். ஆனால் பார்க்காமல் போனவர் ஒருவருமில்லை. நூல் சுற்றும் ரீலிங்கில் வேலை செய்யும் மாசாணியம்மாள், இதே இடத்தில் அன்று அங்கப்பனைப் பார்த்து அழுதவள், முதலாளியின் காலையும் டீக்கடையையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கூட்டம் கலைந்த பிறகு கிருபா ஆன்டெனாவை வாங்கிக் கார் கூரை மேல் வைத்தாள். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"ஆயிருச்சுங்க சார். இனி எங்க போனாலும் இங்க கொண்டாந்து சேத்திரும்."

திருமலைசாமி கையை உதறிக்கொண்டே திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். அதில் தெரிந்த பேரை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"அங்கப்பன்... இதென்ன பேரு?"

"இந்த எடத்துக்கு வெச்ச பேருங்க."

"மாத்து."

"எனக்கு வேற பேரு தெரியலீங்க. அவருதான் இங்க நின்னவரு."

அவர் கிருபாவின் முகத்தை அப்போதுதான் பார்த்தார். மூக்கும் முழியும் யாருடையது என்று தேடினார். பிறகு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்போல் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடி அங்கப்பன் இருந்தார். பதினெட்டு வருஷமும் முதலாளி கண்ணில் பட்டதும் செருப்பைக் கழற்றியவர். இப்போது கழற்றவில்லை. டீ கிளாஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மகளை வரச் சொல்லித் தலையாட்டினார்.

கிருபா கேரியரில் ஏறி உட்கார்ந்தாள். சைக்கிள் மில் கேட்டை ஒட்டியே, நேர் வழியில் போனது.

"அந்த மெசினு என்ற பேரைச் சொல்லுமா கண்ணு?"

"பேசாதுங்கப்பா. எழுத்துல காட்டும். தெனமும் அவரு மில்லுக்கு வர்றப்ப காட்டும்."

அங்கப்பன் கொஞ்ச தூரம் மிதித்தார். பிறகு சைக்கிள் மணியை இரண்டு தடவை அடித்தார். எதிரே யாருமே வரவில்லை.