இரண்டு ஆயில் மூடிகளும் ஒரு திறந்த இன்ஜினும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எந்த ஞானோதயத்திலும் பிறக்கவில்லை. ஒரு கார் இன்ஜினின் ஆயில் மூடி என் மேசையில் வந்து உட்கார்ந்து, வெள்ளைத்தாளில் வட்டமாக ஒரு கறை போட்டது. தாள் வீணாகக் கூடாதே என்று கறையைச் சுற்றி எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரி இப்படி இருந்தது: 'கருமேகங்கள் சூழ்ந்த அந்தக் காலைப் பொழுதில், தன் வாழ்வின் —'

வேண்டாம். மேகமே இல்லை. வெயில் சுள்ளென்று அடிக்கிறது. [மேகத்தை விட்டுவிடுங்கள் என்று என் பதிப்பாளர் கெஞ்சியே இருக்கிறார்.]

2

மூடியை என் கையில் கொடுத்தவர் அத்தான், அக்காவின் கணவர். அவர்கள் வீட்டு மாடியறையில் இருந்துகொண்டு நான் கதை எழுதுகிறேன். அதாவது, கீழே என்ன வேலை வந்தாலும் 'சும்மா இருப்பவன்' என்று என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இன்று அத்தான் காரை விற்கப்போகிறார். வாங்குபவர் பார்க்க வருகிறார். ஆயில் ஊற்றும் வாய்க்குப் புது மூடி போட்டுவிட்டு, பழையதை என்னிடம் நீட்டினார். "மாப்ளே, இதை யார் கண்ணுலயும் படாம குப்பையில போட்டுடு."

பழைய மூடியின் ரப்பர் வளையம் இறுகிப்போய், ஓரமாக ஆயில் கசிந்துகொண்டிருந்தது. மாற்ற வேண்டியதுதான். ஆனால் அவரைக் கலங்கடித்தது அதன் உட்புறம். முகத்துக்குப் பூசும் க்ரீம் போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது, இன்ஜின் அவ்வளவுதான் என்று அவரே தீர்ப்பு எழுதிவிட்டார்.*

* ஒர்க்‌ஷாப் வைத்திருக்கும் பெண்மணி அத்தானிடமும் அக்காவிடமும் சொன்னது வேறு. சோதித்துப் பார்த்தாயிற்று, இன்ஜினுக்கு நோயில்லை. பக்கத்திலேயே போய்வந்தால் அது சூடேறவே நேரமில்லை. உள்ளே வியர்க்கிற ஈரம் மூடியில் வெள்ளையாகப் படிகிறது. வாரம் ஒருமுறை தொலைவாக ஓட்டினால் சரியாகிவிடும். அத்தான் காதில் 'வெள்ளை' மட்டும்தான் விழுந்தது.

3

அக்காவை எப்படி அறிமுகப்படுத்துவது? 'சோகம் ததும்பும் விழிகளோடு —' அடித்துவிட்டேன். படித்தால் உதைப்பாள்.

அக்கா ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருக்கிறாள். நாள் முழுக்க ஃபோன். வீட்டுக்கு வந்தால் இரண்டு பிள்ளைகள், அத்தான், நான். எங்கள் யாருக்கும் அவளைக் கூப்பிடாமல் ஒரு ஸ்பூன்கூடக் கிடைக்காது.

குப்பைத் தொட்டிக்குப் போகும் வழியில் அவள் என்னை மடக்கினாள். பழைய மூடியையே திரும்பக் காரில் போட்டுவிடச் சொன்னாள். வெள்ளையைப் பார்த்தால் வாங்க வருகிறவர் வந்த வழியே ஓடிவிடுவார் என்பது திட்டம். [என் அக்கா நேர்மையானவள். இன்று மட்டும் விடுமுறை.] ஏன் என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரி போய்ச் சேர ஒரு பாட்டு நேரம்டா. அந்த ஒரு பாட்டுதான் நான் வாய்விட்டுப் பாடுறது. அந்தக் கார்ல மட்டும்தான் என்னை யாரும் கூப்பிடறதில்ல."

அத்தான் வாங்கப்போகும் புது வண்டியில் ஃபோன் வந்தால் வண்டி முழுக்க மணியடிக்குமாம். மனைவிக்குச் சௌகரியமாக இருக்கட்டுமே என்று அவர் ஆசை ஆசையாகத் தேடிப் பிடித்த வசதி அது. எனக்கு இருவரையும் நினைத்துப் பாவமாக இருந்தது. இருவருக்கும் தலையாட்டிவிட்டு, மூடியோடு மாடிக்கு ஓடிவந்துவிட்டேன்.

4

அத்தானை வில்லனாக்கினால் கதை சுலபமாக ஓடும். ஆனால் அந்த வேஷம் அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. எனவே மூடிகளை வர்ணித்து ஒரு பத்தியை ஒப்பேற்றலாம் என்று, கீழே போய்ப் புதியதையும் கழற்றி வந்தேன். புதியது நல்ல கறுப்பு. வளையம் மெத்தென்று இருக்கிறது. திருகினால் 'டக்'கென்று உட்காரும். பழையதோ —

இந்த இடத்தில் கீழே கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.

வாசகரே, யோசித்துப் பாருங்கள். இரண்டு மூடிகளும் என் மேசையில்.

5

[ஓடிப்போய்த் திரும்பி வந்து எழுதுகிறேன். மூச்சு வாங்குகிறது.]

நான் படியிறங்குவதற்குள் இன்ஜின் திக்கித் திணறத் தொடங்கியிருந்தது. என்னவோ ஏதோ என்று அத்தான் பானட்டைத் தூக்கிக் குனிந்திருக்கிறார். திறந்த வாயிலிருந்து தெறித்த ஆயில், இன்றைக்கென்றே அவர் தேய்த்துப் போட்டிருந்த சட்டையில் பொட்டுப் பொட்டாக. வாங்க வந்தவர் வண்டியை அணைத்துவிட்டு, சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். நான் கைக்கொரு மூடியோடு போய்த் திருதிருவென்று விழித்தேன்.

அக்காவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்: மூடி, திட்டம், பாட்டு.

அத்தான் சட்டையைத் துடைப்பதை நிறுத்தினார். "என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொன்னா, பாவம் தனியாப் போறாளேன்னு நீங்களும் ஏறி உக்காந்துக்குவீங்க."

வாங்க வந்தவர் வாய்விட்டே சிரித்துவிட்டார். அத்தான் சிரிக்கவில்லை. அவர் நிஜமாகவே ஏறி உட்கார்ந்திருப்பார். அது அவருக்கும் தெரியும். ஆயில் வாயைச் சுற்றித் துணியால் துடைத்தார், ஆயில் அளவு பார்க்கும் குச்சியை இழுத்துப் பார்த்தார், புது மூடியை வைத்துத் திருகினார். டக்.

தனக்குத் தினமும் தொலைதூர ஓட்டம்தான், வெள்ளையெல்லாம் ஒரு பொருட்டே இல்லை, வண்டி பிடித்திருக்கிறது என்றார் வந்தவர். அத்தான் சாவியை உருவி எடுத்தார். பிறகு அதை —

6

முடிவு ஒன்று: சாவி வந்தவருக்கு. வண்டி தினமும் நன்றாகச் சூடேறி, சுகமாக இருக்கும். முடிவு இரண்டு: சாவி அக்காவுக்கு. வாரம் ஒருமுறை தொலைவாக ஓட்டியே ஆக வேண்டும். ஒரு பாட்டு இல்லை, தனியாக ஒரு கச்சேரி. நான் தம்பி. என் பேனா எந்தப் பக்கம் சாயும் என்று உங்களுக்கே தெரியும். ஆகவே நான் எழுதினால் நியாயமாக இருக்காது.

அத்தான் சாவியை நீட்டத் தொடங்கியதுமே திரும்பிப் பார்க்காமல் மாடியேறிவிட்டேன். இப்போது கார் கேட்டைத் தாண்டுகிறது. ஜன்னல் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. நீங்கள் எட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், கொஞ்சம் காது கொடுத்தால் போதும். ஓட்டுகிறவர் பாடுகிறாரா?