கிழமைக்கு ஒரு றேஸ்

என் மனுசன் தவராசாவுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை. கேட்கிறவர்கள் என்னைக் குடுத்து வைத்தவள் என்பார்கள். அவருக்கு இருந்தது குதிரை. அது எங்கேயோ இங்கிலாந்தில் ஓடும். இவர் வவுனியாவில் பந்தயம் பிடிக்கிற புக்கிக் கடைக்குள் நின்று, ரீவியில் அதைப் பார்த்துக் காசு கட்டுவார். கனகராயன்குளத்தில் பஸ் ஏறிப் போகிறவர், திரும்பி வரும்போது தானே ஓடின மாதிரி வேர்த்து விறுவிறுத்து வருவார்.

முந்தி கண்ட கண்ட றேஸுக்கெல்லாம் கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் எனக்குப் பொறுமை விட்டுப்போய், ஆளை வைரவர் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இனி இல்லை எண்டு சத்தியம் பண்ணுங்கோ."

மனுசன் மீன்காரனோடு பேசுவது போல வைரவருக்கு முன்னால் நின்று பேரம் பேசினார். கடைசியில் கிழமைக்கு ஒரு றேஸ் என்று முடிந்தது. பூசை செய்கிறவர் பூட்டிக்கொண்டு போய்விட்டதால் கற்பூரம் கொளுத்தத் தட்டம் இல்லை. கூட வந்த மாயாண்டி ஒரு வெற்றிலையை உள்ளங்கையில் விரித்து, அதில் கற்பூரத்தைக் கொளுத்திப் பிடித்தான். இவர் அதை அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்.

மாயாண்டி பக்கத்துக் காணிக்காரன், மலையகத்திலிருந்து வந்து குடியேறின குடும்பம். எனக்கு ஒரு தம்பி மாதிரி. கிணறு எங்கள் காணியில்தான் இருக்கிறது. நாங்கள் இறைத்து முடிந்தபிறகு அவனுடைய மிளகாய்க்கும் தண்ணீர் போகும். குதிரைக் கதை என்றால் இவருக்குச் சரியான கூட்டாளி, ஆனால் ஒரு சதம் கட்டமாட்டான். பார்த்துச் சிரிப்பதோடு சரி.

அந்தச் சத்தியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த கூத்தைக் கேட்க வேண்டும். ஒரு றேஸ்தான் என்றதும் மனுசனுக்கு எங்கிருந்தோ புத்தி வந்துவிட்டது. கிழமை முழுக்கப் போனில் றேஸ் விபரங்களைப் பார்த்துப் பார்த்துக் கழித்துக்கொண்டு வருவார். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட ஆள் இவ்வளவு குறை பிடிக்கவில்லை. குதிரைகள் கூடின றேஸ் வேண்டாம், அது சந்தை. முதல்முறை ஓடுகிற குதிரைகள் வேண்டாம், அதுகளின் குணம் அதுகளுக்கே தெரியாது. ஊரெல்லாம் ஒரே குதிரைக்குக் கட்டினால் அதுவும் வேண்டாம், வென்றாலும் தேத்தண்ணிக் காசுதான் மிஞ்சும். வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் எது தப்பி நிற்கிறதோ அதைக் குசினிக்குக் கொண்டுவந்து எனக்குச் சொல்ல வேண்டும். அது என்னுடைய சட்டம். நான் தேங்காய் துருவிக்கொண்டே மாடு வாங்குகிறவள் மாதிரிக் கேள்வி கேட்பேன். என்ன வயது, கால் சுகமோ, போன முறை ஏன் பின்னுக்கு வந்தது? பதில் பிடிக்காவிட்டால் அந்தக் கிழமை றேஸ் இல்லை. அப்படிச் சும்மா போன கிழமைகள்தான் அதிகம். சும்மா போன கிழமைகளில் ஆள் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்துத் தருவார். சொன்னால் என்ன, எனக்கு அந்த வெள்ளிக்கிழமைகள் பிடித்திருந்தன.

இந்த ஆனி மாதம், மிளகாய் பூத்துப் பிடிக்கிற நேரம் பார்த்துத் தண்ணி மோட்டர் எரிந்துவிட்டது. காய்ச்சி எடுக்கிற சோளகக் காற்று வேறு. காலையில் நிமிர்ந்து நிற்கிற கன்று மத்தியானம் தலையைத் தொங்கப்போட்டுவிடும். வாளியால் அள்ளி ஊற்றி என் தோள்மூட்டுக் கழன்றுபோனது. மாடு ஒன்றை விற்று, சனிக்கிழமை அந்தக் காசை இவர் கையில் கொடுத்து, புது மோட்டர் வாங்கிவர மாயாண்டியையும் கூட்டி அனுப்பினேன். இன்னும் இரண்டு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் தோட்டத்தை உழுது விடுவதுதான் மிச்சம்.

அதற்கு முதல்நாள் வெள்ளிக்கிழமை, குசினியில் இரண்டு றேஸ் தப்பி நின்றது. இரண்டாவதில் ஒரு சாம்பல் குதிரை. மூன்று தரம் ஓடி மூன்று தரமும் இரண்டாவதாய் வந்ததாம்.

"இதுக்குக் கட்டுங்கோ. நெடுக இரண்டாவதாய் வாற பிள்ளைக்கு ஒருநாள் ரோசம் வரும்" என்றேன்.

"இது றேஸ், கமலா. பள்ளிக்கூடமில்லை" என்று சிரித்துவிட்டு, முதலாவதையே தெரிவு செய்தார்.

இனி நான் சொல்வது இரண்டு பேரும் வந்து சொன்னது. மோட்டர்க் கடைக்கு முதல் புக்கிக் கடைக்குள்தான் ஏறியிருக்கிறார்கள். முதலாம் றேஸில் இவருடைய குதிரை எங்கே நின்றது என்று ரீவியிலும் காட்டவில்லையாம். கிழமைக்குரிய ஒன்று போய்விட்டது. பிறகு திரையில் சாம்பல் குதிரை வந்து நின்றது. மனுசனுக்குக் கை குறுகுறுத்தது. மோட்டர்க் காசை எடுத்து மாயாண்டியின் கையில் வைத்தார்.

"முழுக்க அந்தச் சாம்பலுக்குக் கட்டு. உன்ர பேரிலை கட்டடா. சத்தியம் பண்ணினது நான்தானே, நீயில்லையே."

"சரிண்ணே" என்று மாயாண்டி சனத்துக்குள் போனான்.

சாம்பல் குதிரை வென்றது. ரோசம் வந்து, எல்லாவற்றையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு வென்றது. இவர் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாதவனைக் கட்டிப்பிடித்துத் துள்ளியிருக்கிறார். பிறகு, "காசு கட்டின துண்டு எங்கையடா?" என்று திரும்பினால், மாயாண்டி கடை வாசலில் நிற்கிறான். தோளில் ஒரு பெட்டி. எதிர்க் கடையில் வாங்கின மோட்டர்.

பஸ்ஸில் இரண்டு பேரும் மோட்டரை நடுவில் வைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எங்கள் படலைக்குள் வந்த பிறகுதான் இவர் வெடித்தார்.

"நீ சொன்ன குதிரையடி! அதுதான் வெண்டது! இவன் கட்டேல்லை. தன்ர மிளகாய் காயுதெண்டு மோட்டரை வாங்கிக்கொண்டு வந்திட்டான்!"

எனக்கு வயிறு எரிந்தது. என்னுடைய குதிரையல்லவா? ஒரு மோட்டர் என்ன, கிணற்றுக்கு ஒன்று, குளத்துக்கு ஒன்று என்று வாங்கியிருக்கலாம். ஒரு கணம் நானும் மாயாண்டியை முறைத்துத்தான் பார்த்தேன்.

அவன் பெட்டியை மெதுவாக இறக்கி வைத்தான்.

"அண்ணன் கற்பூரத்த அணைச்சிட்டுக் கைய எடுத்துட்டாரு, அக்கா. அது எரிஞ்சது என் கையிலதானே? எனக்கு அந்தக் கொப்புளம் ஆற எத்தன நாளாச்சு. நான் எப்பிடி அக்கா கட்டுவேன்?"

சொல்லிவிட்டுத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. இவர் கதிரையில் இருந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. மாயாண்டி கட்டி, அந்தக் குதிரை தோற்றிருந்தால் தோட்டம் போயிருக்கும். கட்டி வென்றிருந்தால் இந்த மனுசன் போயிருப்பார். அடுத்த கிழமை இரண்டு றேஸ், அதற்கடுத்த கிழமை வைரவரும் இல்லை, வெள்ளிக்கிழமையும் இல்லை, வெங்காயம் உரிக்க ஆளும் இல்லை. இதையெல்லாம் அவருக்குச் சொல்ல நினைத்தேன். சோற்றைப் போட்டுக் கொடுத்தேன். தலையைக் குனிந்தபடியே சாப்பிட்டார்.

விடிய மோட்டரைக் கிணற்றடியில் பொருத்திப் பூட்டினார்கள். பூட்டும்போது முடுக்குகிற சாவியை நீட்டுவதும் வாங்குவதும்தான். மோட்டர் இரண்டு தரம் இருமிவிட்டு இழுக்கத் தொடங்கியது. குழாயில் தண்ணீர் வந்து விழுந்த சத்தத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. வைரவரே, மாயாண்டி நல்லாய் இருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னேன். மாயாண்டி வழக்கம்போலத் தன் முறை வரும்வரை இருக்கலாம் என்று வேலிக்கரைக்குப் போனான்.

இவர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பிரிகிற இடத்துக்குப் போனார். எங்கள் பக்கம் போகிற வாயை மண் வெட்டிப் போட்டு அடைத்தார். மற்றப் பக்கத்தைத் திறந்துவிட்டார். தண்ணீர் நுரைத்துக்கொண்டு வேலிக்குக் கீழால் ஓடியது.

"அண்ணே! மாத்தித் தொறந்துட்டீங்க! தண்ணி எங்க பக்கம் வருது!" என்று மாயாண்டி கத்தினான்.

"தெரியும்" என்றார் இவர். "உன்ர பாத்தியைப் போய்ப் பாரடா."