நான் விசாரித்தால் பசி அடங்கிவிடும்

எங்கள் பனியன் கம்பெனியில் நான் ஒருவரைப் பெயர் சொல்லி அழைத்து, "சாப்டாச்சா?" என்று கேட்டால் அவருக்கு வயிறு நிறைந்துவிடும். அதற்காகத்தான் என்னை மேனேஜராக வைத்திருந்தார்கள்.

வாய்க்கு வந்தபடி கேட்டால் நிறையாது. அக்கறையோடு கேட்கவேண்டும். எனக்கு முன்பிருந்தவர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே கேட்டதில், செக்கிங் பிரிவில் பாதிப் பேருக்கு வெறும் ஏப்பம்தான் வந்தது. அவரை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நான் அப்படி இல்லை. மிஷின் அருகில் நின்று, முகத்தைப் பார்த்து, பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துவிட்டு, அப்புறம்தான் கேட்பேன். எல்லாம் மனதாரத்தான். அவர்களை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும்.

முதலாளி சென்னியப்பன் கேன்டீனை இடித்துவிட்டு அங்கே இன்னொரு வரிசை ஓவர்லாக் மிஷின் போட்டார். டிபன் பாக்ஸ் கொண்டுவந்தால் நான் மனம் வருந்துவேன் என்று தொழிலாளர்களே பேசிக்கொண்டு அதையும் நிறுத்தினார்கள். ஆட்கள் இளைத்துக்கொண்டே வந்தார்கள். தையல் மட்டும் முன்னெப்போதையும்விட நேர்த்தியாக இருந்தது. ஒவ்வொருவரிடமும் இருக்கிற திறமையை வெளியே கொண்டுவர என்னை விட்டால் ஆள் இல்லை என்று முதலாளி எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "ஊர்ல எல்லாரும் சௌக்கியமா?" என்றும் கேட்கச் சொன்னார். கேட்டேன். பிறகு யாருக்கும் ஊர் ஞாபகம் வரவில்லை. பொங்கலுக்கு விடுமுறை விட்டும் எல்லோரும் மிஷினிலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

டி-சர்ட்டுக்குக் காலர் தைக்கிற கோகிலவாணி மட்டும், நான் கேட்ட பிறகும் எழுந்து எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். அவள் தைக்கிற பீஸ் குறைந்தது. என் கேள்வி பலிக்காத ஆளை முதலாளி வைத்துக்கொள்ள மாட்டார். நான் அவளிடம் போய் நின்றேன்.

"உங்க மேல தப்பில்லீங்க சார்," என்றாள். "எனக்கு நெறஞ்சுருது. வயித்துல இருக்கறதுக்குத்தான் பசி. ஏழு மாசம்."

"வீட்டுக்குப் போய் நல்லாச் சாப்பிடும்மா."

"எங்கீங்க எறங்குது? நீங்க கேட்டதே மறுநாள் வரைக்கும் தொண்டையில நிக்குது. நேத்திருந்து புள்ள அசையவே இல்லீங்க."

எனக்குப் பயமாகிவிட்டது. குனிந்து, அவள் வயிற்றுக்கு நேராக அக்கறையோடு கேட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. பெயர் இல்லாமல் கேட்டால் யாருக்குமே நிறையாது.

"ஒரு பேரு வெச்சுரும்மா."

"பொறக்காத புள்ளைக்கு யாராச்சும் பேரு வெப்பாங்களா சார்? ஆகாதுங்க." அவள் அழுதாள். அழுதுகொண்டே ஒரு காலரைத் தைத்து முடித்தாள். பிறகு, "ஜோதின்னு கூப்புடுங்க. பையனோ பொண்ணோ, எதுன்னாலும் சரியாப் போகும்," என்றாள்.

"ஜோதி, சாப்டாச்சா?"

"ஆச்சுங்க," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். குழந்தை புரண்டு படுப்பது சேலைக்கு மேலேயே தெரிந்தது. பிறகு, "நீங்க எல்லாரும் சாப்டீங்களா?" என்று அது கேட்டது.

கூடம் முழுவதும் ஏப்பம் எழுந்தது. குழந்தை யாருடைய பெயரையும் சொல்லவில்லை. எனக்கும் வயிறு நிறைந்தது. இத்தனை வருடத்தில் அங்கே என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. நிறைந்த வயிறு அப்போதே எரியவும் தொடங்கியது. ஆள் ஆளாகக் கண்ணைப் பார்த்துச் செய்துவந்த வேலையை, கண்ணே திறக்காத ஒன்று ஒரே மூச்சில் முடித்துவிட்டதே!

முதலாளிக்கு விஷயம் போயிற்று. அவர் வந்து செருப்பைக் கழற்றிவிட்டு வயிற்றின் முன்னால் கைகட்டி நின்று கொஞ்ச நேரம் பேசினார். மறுநாள் கோகிலவாணியை ஏசி அறையில் உட்காரவைத்து, 'ஜோதி, மேனேஜர்' என்று எழுதிய பலகையை அவள் வயிற்றுக்கு மேலே கட்டினார்கள். காலர் மிஷினுக்கு என்னை அனுப்பினார்கள். ஜோதி கேட்டால் எனக்கும் பசி எடுப்பதில்லை. என் காலர்கள் நேராக இருப்பதாகச் சொல்கிறார்கள்.

பத்தாவது மாதம் கோகிலவாணிக்கு வலி கண்டது. ஆர்டர் நெருக்கும் சமயத்தில் மேனேஜர் அறையை விட்டு வெளியே வருவது நன்றாக இருக்காது என்று முதலாளி கனிவாக எடுத்துச் சொன்னார்.

"அம்மா, வலிக்குதா?" என்று ஜோதி கேட்டது. அவ்வளவு அக்கறை அந்தக் குரலில். வலி நின்றுவிட்டது.

இந்த ஐப்பசியோடு ஜோதிக்கு நாலு வயது முடிகிறது. கோகிலவாணியின் கணவன் ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அவள் வயிற்றில் விரலால் மெதுவாகத் தட்டிவிட்டு, உள்ளேயிருந்து கூப்பிடும்வரை தள்ளி நிற்கிறான்.