என் கையைப் பார், திரையை விடு

"அசையாதீங்க. மூக்கு போனா நான் பொறுப்பில்ல."

கயிற்றுக்காரர் முகத்தை இன்னும் கொஞ்சம் தூக்கிக் கொடுத்தார். சோப்பு நுரை காது வரைக்கும் ஏறியிருந்தது. கட்டுப் போட்ட வலது கை, ஜன்னல் கம்பியிலிருந்து தொங்கவிட்ட துணித் தொட்டிலில் கிடந்தது. கையைக் கீழே தொங்கவிடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர் மனைவி இடது கையால் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கிச் சவரக் கத்தியை இழுத்தாள். ஊசி பிடித்தே பழகிய விரல்கள். கத்தி இந்த ஒரு மாதமாகத்தான்.

"மீசையை விட்டுடு. வர்றவங்க பார்க்கணும்ல."

"உங்க மீசையைப் பார்க்கத்தான் அரங்கத்துலேர்ந்து ஆள் அனுப்புறாங்களாக்கும்."

அரங்கத்தின் பொன்விழா வருகிறது, பழைய நடிகர்களைப் பற்றிப் பேச வேண்டும், ஒரு பெண்ணை அனுப்புகிறோம் என்று மேனேஜர் நேற்றுப் போனில் சொன்னதிலிருந்து மனுஷனுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவளுக்கோ சந்தேகம்தான். ஒரு மாதமாக எட்டிப் பார்க்காதவர்களுக்கு இப்போது என்ன திடீர்ப் பாசம்?

அவர் அந்த அரங்கில் திரையையும், பின்னால் தொங்கும் ஓவியத் துணிகளையும் ஏற்றி இறக்குகிறவர். அவள் அங்கேயே உடை அறையில் தைத்து, துவைத்து, தேய்த்துக் கொடுக்கிறவள். எல்லோருக்கும் அவர் கயிற்றுக்காரர், அவள் உடைக்காரம்மா. போன மாதம் ஒரு ஒத்திகையில், அரண்மனை வரைந்த துணியை அவர் ஏற்றிக்கொண்டிருந்தபோது கயிறு அறுந்தது. அதன் மறுமுனையில் தொங்கிய இரும்புப் பாரம் நேராக இறங்கி, மரச்சட்டத்தில் ஊன்றியிருந்த அவர் கையை நசுக்கியது. இரண்டு விரல்கள் மடங்கியபடியே நின்றுவிட்டன. இந்த மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் விரல் நிமிரும், தள்ளிப்போட்டால் பிறகு கயிறு பிடிப்பதை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர். கயிற்றின் கோளாறுதான் என்று அரங்கம் ஒப்புக்கொண்டால் ஆபரேஷன் அவர்கள் பொறுப்பு. அவள் கேட்கும்போதெல்லாம் மேனேஜர், "விசாரிச்சுக்கிட்டு இருக்கோம்மா" என்றார். அறுந்த கயிறோ அன்று சாயங்காலமே கண்ணில் படாமல் போயிருந்தது.

"வந்தவுடனே கயிறு நைஞ்சிருந்ததைச் சொல்லுங்க," என்றாள் நுரையைத் துடைத்துக்கொண்டே. "மேனேஜர்கிட்ட ரெண்டு தடவை சொன்னீங்களே, அதையும் சொல்லுங்க. அப்புறம் உங்க பழங்கதை."

"சரி, சரி."

"சரி சரின்னு தலையை ஆட்டிட்டு, ஆளைப் பார்த்ததும் மறந்துடுவீங்க."

"நீதான் பக்கத்துல இருக்கப் போறியே."

வந்தவள் சின்னப் பெண். செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தாள். அதுவே கயிற்றுக்காரருக்குப் பிடித்துப்போயிற்று. ஸ்டூலில் போனைச் சாய்த்து வைத்து, "ஐயா, நீங்க பாட்டுக்கு இயல்பாப் பேசுங்க. இதைப் பார்க்கவே வேண்டாம்," என்றாள்.

அவர் மனைவியைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, கயிறு நைந்திருந்ததையும் மேனேஜரிடம் சொன்னதையும் பாடம் ஒப்பிப்பதுபோல் சொல்லி முடித்தார். அந்தப் பெண் இடைமறிக்கவில்லை. தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள். உடைக்காரம்மாவுக்கு அப்பாடா என்றிருந்தது. மடியில் கிடந்த சிப்பாய்ச் சட்டையை எடுத்துப் பொத்தான் தைக்க ஆரம்பித்தாள்.

"அந்தக் காலத்துல ராஜா வேஷம் கட்டின பெரியவரைப் பார்த்திருக்கீங்களாய்யா?" என்றாள் அந்தப் பெண்.

"பார்த்திருக்கேனாவா? அவர் மூச்சு விடுற சத்தம் கேட்டிருக்கேன்மா."

அவ்வளவுதான். கட்டில் ஆடும்படி நிமிர்ந்து உட்கார்ந்தார். பெரியவர் மேடைக்குப் போகுமுன் செருப்பைக் கழற்றி, ஒரு காலை மட்டும் பலகைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார். பலகை அதிர்வதை வைத்தே கூட்டம் எவ்வளவு என்று சொல்லிவிடுவார். குரலை உயர்த்தியதே கிடையாது. ராஜாவாக நின்று, ரகசியம் பேசுவதுபோல் 'கதவைத் திற' என்பார். கடைசி வரிசையில் ஒருத்தன் எழுந்து நிஜமாகவே அரங்கத்தின் கதவைத் திறந்துவிட்டான் ஒரு நாள். சொல்லிவிட்டுக் கயிற்றுக்காரர் சிரித்தார். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. அவள் ஊசியை நிறுத்திவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். இந்தச் சிரிப்புக்காக அந்தப் பெண் தினமும் வந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

"முன்னாலேர்ந்து ஒரு நாடகம் பார்த்ததில்லம்மா நாங்க. எல்லாம் பக்கவாட்டுலதான். அவங்களோட ஒரு காது, பாதி மூக்கு, முதுகு. அதுவே போதும் எங்களுக்கு."

"ராணியம்மா?"

வேலைக்காரி வேஷம் போட்டாலும் ராணி மாதிரி நிற்பார் என்பதால் அந்த நடிகைக்கு அப்படிப் பெயர்.

"ஒரு நாடகத்துல அவங்க தாய். மகன் செத்துட்டான்னு செய்தி வரும். அழ மாட்டாங்க. ஒரு துண்டை எடுத்து மடிப்பாங்க. பிரிப்பாங்க. திரும்ப மடிப்பாங்க. பாதி மடிப்புல கை நின்னுபோயிடும். அந்த நொடி திரை விழணும். முன்னாடி விழுந்தாலும் கெட்டுச்சு, பின்னாடி விழுந்தாலும் கெட்டுச்சு. திரையை இறக்கச் சொல்ற சிவப்பு விளக்கு சைகை வேண்டாம்னுட்டாங்க. 'என் கையைப் பாரு, திரையை விடு'ன்னாங்க. ஒரு நாள்கூடத் தப்பினதில்ல."

"அந்தத் துண்டு நான் கொடுக்கிறதுதான்," என்றாள் அவள்.

சொல்லவேண்டும் என்று நினைத்துச் சொன்னதல்ல. வாயிலிருந்து வந்துவிட்டது. அந்தப் பெண் போனை அவள் பக்கம் மெல்லத் திருப்பினாள்.

"தினமும் துவைச்சு, தேய்ச்சுக் கொடுப்பேன். திரும்பி வரும்போது ஈரமா இருக்கும். கண்ணீர் இல்ல, உள்ளங்கை வேர்வை. அம்புட்டு இறுக்கிப் பிடிச்சிருப்பாங்க. வெளியே பார்த்தா ஒண்ணுமே தெரியாது. அழுக்குக் கூடையில போட மனசு வராது எனக்கு. கொஞ்ச நேரம் கையிலேயே வச்சுக்கிட்டு நிப்பேன்." சட்டென்று சிரித்தாள். "இவரோ அதுக்கு மேல. கயிறு கையில இருக்கும், கண்ணு மேடையில இருக்கும். பக்கத்துல நின்னு கூப்பிட்டாலும் காதுல விழாது. கூரையே இடிஞ்சு விழுந்தாலும் இவருக்குத் தெரியாது."

"இப்பவும் அப்படித்தானாய்யா?" என்றாள் அந்தப் பெண்.

"இப்பவும் அப்படித்தான்மா," என்றார் கயிற்றுக்காரர் பெருமையாக. "எவன் நடிச்சாலும் கண்ணு அங்கதான் போகும். பழக்கம் விடுமா?"

அவள் கையிலிருந்த ஊசி சட்டையைத் தாண்டி விரலில் ஏறியது. தான் என்ன சொன்னோம், அவர் என்ன சொன்னார் என்பது அப்போதுதான் உறைத்தது. "அன்னிக்கு அப்படி இல்லம்மா," என்றாள் அவசரமாக. "அன்னிக்குக் கயிறு…"

அந்தப் பெண் கட்டைவிரலால் போனை அணைத்துவிட்டிருந்தாள். "போதும்மா. ரொம்ப அழகா வந்திருக்கு," என்றாள். செருப்பை மாட்டும்போது அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வந்தபோது கயிற்றுக்காரர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. "நல்லாப் பேசினோம்ல?" என்று கேட்டார். அவள் விரலை வாயில் வைத்து உறிஞ்சிக்கொண்டு, "ம்" என்றாள்.

மேனேஜர் அவளைக் கூப்பிட்டனுப்ப ஒரு வாரம் ஆயிற்று. மேஜைமேல் போனை வைத்து, அன்று பதிவான பேச்சில் ஒரு பகுதியை மட்டும் போட்டுக் காட்டினார். கயிறு கையில இருக்கும், கண்ணு மேடையில இருக்கும். அவளுடைய குரல்தான், அவளுடைய சிரிப்புதான். பின்னாலேயே அவர், பெருமையாக.

"கவனக்குறைவுன்னு நாங்க சொல்லலம்மா. நீங்க ரெண்டு பேருமே சொல்றீங்க."

"அதுக்கு முன்னால கயிறு நைஞ்சிருந்ததை அவர் சொன்னாரே. அது எங்க சார்?"

"விழாவுக்குத் தேவையானதை மட்டும்தானே வச்சுக்குவாங்க."

"பார்க்கிறதுதான் சார் அவர் வேலை. மேடையைப் பார்க்காம எப்படித் திரையை விடுறது?"

"எனக்குப் புரியுதும்மா. மேல இருக்கிறவங்களுக்குப் புரியணுமே."

"அந்த அறுந்த கயிறைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்க. மேல இருக்கிறவங்களும் பார்க்கட்டும்."

மேனேஜர் போனை எடுத்து மேஜை டிராயருக்குள் வைத்தார். "கயிறுல ஒரு குறையும் இல்லன்னு முடிவாயிடுச்சும்மா. மனசைத் தளரவிடாதீங்க. விழாவுக்கு ரெண்டு பேரும் வாங்க. முன் வரிசையில இடம் சொல்லி வச்சிருக்கேன். முன்னாலேர்ந்து பார்த்ததில்லன்னு அவர் சொன்னாராமே."

அவள் வெளியே வந்தாள். இதைப் போய் அவரிடம் எந்த வாயால் சொல்வது? இத்தனை வருஷத்தில் அவரை எத்தனையோ தடவை கேலி செய்திருக்கிறாள். எல்லாம் வீட்டோடு போயிற்று. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று அவரைக் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காத்தவள், தன் வாயைக் காக்கவில்லை.

உடை அறைக்கு மேடை வழியாகத்தான் போகவேண்டும். திரை ஏறியிருந்தது. காலி நாற்காலிகள் வரிசை வரிசையாக மடங்கிக் கிடந்தன. திடீரென்று அரங்கம் முழுக்கக் கயிற்றுக்காரரின் குரல் எழுந்தது.

"அவர் மூச்சு விடுற சத்தம் கேட்டிருக்கேன்மா."

அவள் அப்படியே நின்றுவிட்டாள். ஒலிபெருக்கிக்காரர் பின்வரிசையிலிருந்து கையை ஆட்டினார். "விழாவுக்கு இதைத்தான் முதல்ல போடுறோம்கா. அண்ணன் குரல் கடைசி வரிசை வரைக்கும் எப்படிக் கேக்குது பாருங்க."

"உடைக்காரம்மா, கொஞ்சம் தள்ளிக்குங்க."

இந்தக் குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. நிமிர்ந்து பார்த்தாள். உத்தரத்தின் குறுக்குப் பலகையில் இரண்டு ஆட்கள் குந்தியிருந்தார்கள். ஒருவன் பழைய கயிற்றை அறுத்துவிட, மற்றவன் புதுக் கயிற்றை உருளையில் கோத்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒன்றல்ல, எல்லாவற்றையும் மாற்றியிருந்தார்கள். திரைக்கு, அரண்மனைத் துணிக்கு, காட்டுத் துணிக்கு, மழைத் துணிக்கு. மரச்சட்டத்தில் வரிசையாகப் புதுக் கயிறுகள், வெள்ளை வெளேரென்று. உள்ளங்கை அழுக்கு பட்டுக் கறுத்த பழைய கயிறுகள் சாக்குகளில் அடைபட்டு, பின்வாசலில் நின்ற வண்டிக்குப் போய்க்கொண்டிருந்தன.

கடைசிக் கயிறு அவள் காலருகே வந்து விழுந்தது. ஒலிபெருக்கியில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார்.